முழுகாத மோட்டார்

வீட்டில் படகு மோட்டாரைத் தொடும் உரிமை ஒரே ஒரு கைக்குத்தான் உண்டு என்று, அதை வாங்கி வந்த அன்றைக்கே அறிவித்துவிட்டார் வீட்டுக்காரர். அன்றிலிருந்து தெருவில் அவருக்குப் பெயர் கேப்டன். கிண்டலுக்குத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

மனைவியின் தையல் கடை ஏரிக்கு அக்கரையில். பஸ்ஸில் சுற்றிப் போனால் முக்கால் மணி, படகில் பத்து நிமிஷம். எனக்கும் ஓட்டச் சொல்லிக் கொடுங்கள் என்று ஆறு மாதமாகக் கேட்கிறாள். இதற்கெல்லாம் ஒரு நிதானம் வேண்டும் என்று ஆறு மாதமாக அவரும் சொல்லிவருகிறார்.

அந்த நிதானம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரைக் கைவிட்டுவிட்டது. மோட்டாரைப் படகின் பின்பலகையோடு இறுக்கிப் பிடிக்க இரண்டு திருகுகள் உண்டு. கேப்டன் ஒன்றை அரைகுறையாக முறுக்கினார். கரையில் நாலு பேர் பார்க்கும்போது இன்னும் குனிந்து திருகிக்கொண்டிருந்தால் மரியாதையாக இருக்காதே என்று இரண்டாவதை விட்டுவிட்டார். படகைத் தள்ளிக்கொண்டு போய், நிமிர்ந்து நின்று, ஒய்யாரமாகக் கயிற்றை இழுத்தார். ஸ்டார்ட் ஆக வேண்டிய மோட்டார் ஒரு எம்பு எம்பி ஏரிக்குள் குதித்தது.

கழுத்தளவு தண்ணீரில் அரை மணி நேரம் முங்கித் துழாவி எடுத்துவிட்டார். ஆனால் விஷயம் வீட்டுக்குத் தெரிந்தால் ஒரு கைச் சட்டம் அன்றோடு காலி. மாடி வெயிலில் சாயங்காலம் வரை காய வைத்தால் யாருக்குத் தெரியப்போகிறது? பழைய போர்வையில் சுற்றி, சைக்கிளில் வைத்துக் கட்டி, கொல்லை வழியாக வந்தார். கொல்லையிலேயே பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள் அவள்.

“என்னங்க அது?”

“தையல் மெஷின். சிநேகிதனோட அம்மாவோடது. ரிப்பேர் பாக்கக் குடுத்தாங்க.”

உலகத்தில் எத்தனையோ சாமான் இருக்க, பன்னிரண்டு வருஷமாகத் தையல் மெஷின் மிதிக்கிறவளிடம் போய் இதைச் சொன்னோமே என்று வாயை மூடிய பிறகுதான் உறைத்தது. அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

“ஏன் சொட்டுது?”

“கழுவிக் குடுத்தாங்க.”

“பெட்ரோல்லயா கழுவுனாங்க?”

“கறை போகலையாம்.”

மாடிக்குக் கொண்டுபோகிறேன் என்றார். அங்கே இடமில்லை, துணி காய்கிறது, அதோடு இந்த வாடைக்குப் பிள்ளை தும்முவான் என்றாள். நீல டிரம்மில் நல்ல தண்ணீர் இருக்கிறதாம், அதில் முக்கி வைத்தால் வாடை போய்விடுமாம்.

“மெஷினைத் தண்ணியிலயா?”

“இவ்வளவு நனைஞ்சாச்சு. இனிமே என்னங்க?”

கரையேற்றியவனையே மறுபடி பிடித்துத் தள்ளுகிற பாவத்தோடு மோட்டாரை டிரம்மில் இறக்கினார். அது குபுகுபுவென்று அவரை ஏசிக்கொண்டே முங்கியது.

கேப்டன் மெக்கானிக்கிடம் ஓடினார். மோட்டார் ஏரியில் விழுந்த கதையைக் கேட்டுவிட்டு, இப்போது எங்கே இருக்கிறது என்று மெக்கானிக் கேட்டார். தலையைக் குனிந்துகொண்டு, டிரம் தண்ணீரில் என்றார் இவர். மெக்கானிக் எழுந்து வந்து முதுகில் தட்டினார். காற்றுப் பட்டால்தான் உள்ளே துரு ஏறுமாம். வெயிலில் வைத்திருந்தால் இரும்புக் கடைக்குத்தான் போயிருக்குமாம்.

“யாரு சொல்லிக் குடுத்தது?”

“யாரு சொல்லணும்? எனக்கே தெரியும்.”

“பரவாயில்லையே. போன மாசம் ஒரு அம்மா இங்க வந்து, ‘எங்க வீட்டுக்காரர் என்னிக்காவது மோட்டாரைத் தண்ணியில போட்டுருவாரு, போட்டா என்ன செய்யணும்’னு கேட்டு எழுதிக்கிட்டுப் போனாங்க.”

இப்படியும் ஒரு புருஷன் இருப்பானா என்று கேப்டன் மனசார வருத்தப்பட்டார்.

வீடு திரும்பி, மெக்கானிக் சொன்னபடி வேலையில் இறங்கினார். பிளக்கைக் கழற்றி, மோட்டாரைக் கவிழ்த்து, கயிற்றை இழுக்க இழுக்க, உள்ளே இருந்த ஏரி முற்றத்துக்கு வந்தது. மெஷினுக்கு எண்ணெய் விட வேண்டாமா என்று அவளே தன் எண்ணெய்க் குப்பியைக் கொண்டுவந்து பிளக் ஓட்டையில் விட்டாள். கார்புரேட்டரை அவர் தேடும்போது, அந்தப் பக்கம் பாருங்கள் என்று பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே சொன்னாள். தையல் மெஷினில் கார்புரேட்டர் எங்கே வந்தது என்று கேட்கவில்லை. கேப்டனும் தலையை நிமிர்த்தாமல் அதைக் கழற்றினார்.

கடைசி வேலைதான் சிக்கல். புதுப் பெட்ரோல் ஊற்றி, இன்றைக்கே ஒரு மணி நேரம் ஏரியில் ஓட்டி, மிச்ச ஈரத்தை விரட்ட வேண்டும். முங்கி முங்கி அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒரு பக்கம் அவளும் பிடிக்க, கரைக்குக் கொண்டுபோனார்கள். அவள் இரண்டு திருகையும் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினாள். பிறகு பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டுப் படகில் ஏறிக்கொண்டாள்.

“நீ எங்கம்மா ஏறுற?”

“தையல் மெஷின்தானே? ஓட்டத் தெரிஞ்சவ நான்தானே ஓட்டணும்? இல்ல, இது வேற ஏதாவதா?”

கேப்டன் வாயைத் திறந்தார். பிள்ளை அவர் மூக்கைப் பிடித்து இழுத்தது.

மூன்றாவது இழுப்பில் மோட்டார் புகையைக் கக்கி, இருமி, பிறகு சீராகப் பாட ஆரம்பித்தது. ஒரு மணி நேரம் அவள் ஏரியை அளந்தாள். முதல் சுற்றில் கோணல், மூன்றாவதில் நேர்கோடு. கரையில் அதே நாலு பேர் நின்று பார்த்தார்கள்.

அலுங்காமல் படகைக் கரை சேர்த்து மோட்டாரை அணைத்தாள்.

“மெஷின் அருமையா ஓடுதுங்க. உங்க சிநேகிதரோட அம்மாகிட்ட சொல்லிடுங்க, வாரத்துல ஆறு நாள் இது என்கிட்டதான் இருக்கும்னு.”

“சொல்லிடுறேன்” என்றார் கேப்டன்.