நாற்பது எவர்சில்வர் தட்டும் ஓய்வுநாளும்

"இந்த உலகத்துக்கு ஓய்வே தெரியலியே!"

காலையில் காபியைக் குடித்து முடித்து, டம்ளரை உட்கார்ந்த இடத்திலேயே வைத்துவிட்டுத் தினமும் இப்படிப் பெருமூச்சு விடுகிற ஒருவர் உங்கள் தெருவிலும் இருப்பார். பூமியைக் காக்கவே பிறந்த இனம் அது. ஆம்பூரில் சர்ச் சபைக்கு வாய்த்தவர் ஜெயப்பிரகாஷ்.

தோல் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவரை பாலாற்றுத் தண்ணீர் என்ன நிறம் என்று எட்டிப் பார்க்காதவர், ரிட்டயரான மறுநாளே அதற்காகக் கண்ணீர் விட்டார்; ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நாற்பது பேரை வீட்டுக்குக் கூட்டி வந்து, லாபவெறி, ஏழைக்கு நியாயம், நிலத்துக்கு ஓய்வு என்று வேதத்திலிருந்தே பொருளாதாரம் நடத்தினார்; முடிவில் ஹபீப் பாய் கடை பிரியாணியும் போட்டார். பேப்பர் தட்டிலா? ஐயோ, பூமி என்ன ஆவது! நாற்பதும் எவர்சில்வர்.

கழுவுவது யார்? அது மட்டும் பாடத்தில் இல்லை.

வீட்டு வேலைக்கு வரும் அமிர்தவள்ளியின் மகள் வாணியம்பாடி ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். பெற்றவர்கள் போய்ப் பார்க்க ஞாயிறு ஒரு நாள்தான். இவள் போய் இரண்டு மாதமாகிறது.

"ஐயா, இந்த ஞாயித்துக்கெழம மட்டும் விடுங்க. பொண்ணு போன்ல அழுவுது."

"அடடா, இந்த வாரம் பாத்தா கேக்குற? ஓய்வுநாளப் பத்திப் பெரிய கூட்டம்மா. அடுத்த வாரம் போயேன்."

அடுக்களையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி ஹேமலதா கத்தியைக் கீழே வைத்தாள். ஞாயிறு விடிந்ததும் அமிர்தவள்ளியை முதல் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள், பிள்ளைக்கு ஒரு டப்பா முறுக்கோடு.

அன்றைக்கு ஜெயப்பிரகாஷ் உருகிவிட்டார். "கடவுளோட பொருளாதாரத்தப் பாருங்க! எஜமானுக்கு மட்டுமா ஓய்வு? வேலைக்காரிக்கும் லீவு, மாட்டுக்கும் லீவு!"

நாற்பது பேரும் ஆமென் சொன்னார்கள், சாப்பிட்டார்கள், எச்சில் தட்டைத் தொட்டியோரம் அடுக்கிவிட்டுக் கிளம்பினார்கள்.

"ஹேமா, அமிர்தவள்ளி எங்க?"

"நீங்க சொன்ன லீவுலதான் போயிருக்கா."

"அப்ப தட்டு?"

"வேலைக்காரிக்கு லீவு, மாட்டுக்கும் லீவுன்னீங்க. மிச்சம் யாரு? நீங்கதான்."

"எனக்கும் இன்னிக்கு ஓய்வுநாள்தானே?"

"வாய்க்கு ஓய்வு குடுங்க. கைக்கு இன்னா, அது வாரம் பூரா ஓய்வுலதான இருக்குது?"

பன்னிரண்டாவது தட்டில் முனகல் கேட்டது: "இந்தப் பிரியாணி எண்ணெ இன்னா இப்படிப் புடிச்சிக்குது!"

"ரெண்டு வருஷமா அவ கையையும் அப்படித்தான் புடிச்சிக்கினு இருந்துச்சு" என்றாள் ஹேமலதா.

இப்போதும் கூட்டம் நடக்கிறது. ஞாயிறுதோறும் அமிர்தவள்ளி வாணியம்பாடியில், ஜெயப்பிரகாஷ் தொட்டியடியில். பிரசங்கமும் பாதியாகச் சுருங்கிவிட்டது. ஒருநாள் மதியம் மூன்று மணிவாக்கில் போய்ப் பாருங்கள். வாசல் வழியாக வேண்டாம், பின்பக்கமாகப் போங்கள். நீங்கள் சாப்பிட்ட தட்டை மட்டும் நீங்களே கழுவிவிடுங்கள்.

அதற்கு முன்னால், உங்கள் நாற்காலி ஓரம் ஒரு காபி டம்ளர் இருக்கிறதே, அதை யார் எடுக்கப் போகிறார்கள்?