வேலி மட்டும் போட மாட்டேன், மச்சான்

ஆலன், டெக்சாஸ்
புரட்டாசி முதல் வாரம்

மரியாதைக்குரிய திருமூர்த்தி மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை வீட்டுக்காரன் நஞ்சப்பன் வணக்கத்தோடு எழுதுவது. இங்கே நானும் கலாவதியும் மகள் கயலும் சுகம். காட்டில் பன்றிகளும் சுகம். குபெர்டினோவில் நீங்களும் வசந்தாமணி அக்காவும் சுகமாகத்தான் இருப்பீர்கள்; உங்கள் வீட்டுக் கொல்லையில் பன்றி கிடையாது, உங்களுக்கு என்ன குறை.

இந்தக் காலத்தில் கடிதமா என்று கேட்பீர்கள். நம் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து நான் விலகிவிட்டேன். என் போட்டோ ஒன்றுக்கு நீங்கள் போட்ட கமெண்ட்தான் காரணம், அதை அப்புறம் சொல்கிறேன். ஈமெயில் அனுப்பினால் அதையும் ஃபார்வர்ட் பண்ணுவீர்கள். கடிதத்தைப் படம் பிடித்துப் போடலாம்தான், ஆனால் என் கையெழுத்து உங்களுக்கே தெரியும், போட்டாலும் ஒருத்தராலும் படிக்க முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். தீபாவளிக்கு நீங்கள் வரும்போது, என் கடலைக்காட்டை வாங்க ஒரு ஆளையும் கூட்டிக்கொண்டு வருவதாகக் கலாவதியிடம் சொல்லியிருக்கிறீர்கள். நீங்கள் தாராளமாக வாருங்கள், ஆள் வேண்டாம். போன வருடம் விதைத்த கடலை முழுவதையும் காட்டுப்பன்றிகள் தோண்டித் தின்றது உண்மைதான். இந்த வருடமும் ஒரு வாளிக் கடலைகூட வீடு வந்து சேராவிட்டால் காட்டை விற்றுவிடுவது என்று உங்கள் தங்கைக்கு நான் வாக்குக் கொடுத்ததும் உண்மைதான். அதற்காக நீங்கள் போன் பண்ணும்போதெல்லாம் வேலி போடு, வேலி போடு என்று ஒரே பாட்டைப் பாடினால் நான் கேட்க வேண்டுமா? வேலி போடுகிறவன் பன்றிக்குப் பயந்தவன். நீங்கள் விசாரித்து அனுப்பிய வேலிக்காரர் நம்பரை அன்றைக்கே டெலிட் பண்ணிவிட்டேன், அதையும் தெரிந்துகொள்ளுங்கள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஸ்க்ரீனைப் பார்த்து ஸ்க்ரீனைப் பார்த்து என் கண்ணும் கழுத்தும் போனது. இந்த நாட்டில் நான் உட்கார்ந்து எழுந்தால் பேன்ட்டில் மண் ஒட்டுகிற இடம் அது ஒன்றுதான். வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்து வடக்கே வண்டியை விட்டு, அந்தச் செம்மணலில் கால் வைத்தால்தான் எனக்கு மூச்சு சீராகிறது. அதைப் பன்றிக்கும் விட மாட்டேன், நீங்கள் கூட்டி வருகிற ஆளுக்கும் விட மாட்டேன். சுடுவேன் என்று சொன்னேன், சுடக் கிளம்பினேன்.

பன்றி ராத்திரியில்தான் வரும் என்பதால் துப்பாக்கிமேல் மாட்டி இருட்டில் பார்க்கிற சாமான் ஒன்று வாங்க வேண்டியிருந்தது. பட்ஜெட் எவ்வளவு என்று கலாவதியிடம் கேட்டேன். "என்ர வளையலுக்கு நீங்க சொன்னீங்களே ஒரு பட்ஜெட், அதேதானுங்க உங்க துப்பாக்கிச் சாமானத்துக்கும்" என்றாள். அன்றைக்குத்தான் அந்த பட்ஜெட் எவ்வளவு சின்னது என்று எனக்கே தெரிந்தது. கடையில் ட்ராவிஸ் என்று ஒரு ஆள், என் பட்ஜெட்டைக் கேட்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டான், துக்க வீட்டில் பேசுகிற மாதிரி. இரண்டு வகை இருக்கிறது என்றான். ஒன்று நைட் விஷன். அது கண்ணுக்குத் தெரியாத ஒரு டார்ச்சை அடித்து, பட்டுத் திரும்புகிற வெளிச்சத்தைப் படமாகக் காட்டும், விலை மலிவு. இன்னொன்று தெர்மல். அதற்கு வெளிச்சமே வேண்டாம், உடம்புச் சூட்டைப் பார்க்கும், விலை ஜாஸ்தி. நான் கொஞ்சமும் யோசிக்காமல் மலிவானதை எடுத்தேன். இதே இடத்தில் நீங்களாக இருந்தால் இன்னும் ரெவ்யூ படித்துக்கொண்டிருப்பீர்கள்.

முதல் ராத்திரியே பலன் தெரிந்தது. காட்டு நடுவில் இரண்டு கண், ஒவ்வொன்றும் தோசைக்கரண்டி அளவுக்கு, ஜிவுஜிவு என்று எரிகிறது. நான் அசையவில்லை. அதுவும் அசையவில்லை. நான் தும்மினேன், அதற்கும் அசையவில்லை. என்ன நெஞ்சழுத்தம் இந்தப் பன்றிக்கு என்று எனக்கு ஆத்திரம் வந்து, குறி வைத்துச் சுட்டேன். டங் என்று தகரச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், கலாவதி ஊரிலிருந்து சூட்கேஸில் வைத்துக் கொண்டுவந்து காட்டு நடுவில் கம்பம் நட்டுக் கட்டியிருந்த திருஷ்டி பொம்மை. நாக்கை நீட்டிக்கொண்டு, பளபளக்கிற பெயின்ட்டில் முட்டைக்கண் போட்டிருக்குமே, அதேதான். நெற்றிப்பொட்டில் ஓட்டை. என் குறி எவ்வளவு சுத்தம் என்பதை யாராவது ஒருத்தர் பாராட்டியிருக்க வேண்டும். உங்கள் தங்கை என்ன சொன்னாள் தெரியுமா? "ஊருக்கண்ணு படக் கூடாதுன்னு கட்டுனதுங்க. அதைய வீட்டுக்காரரே சுட்டுப்போட்டு வந்து நின்னா நான் யாருக்குங்க சுத்திப் போடறது?" நான் தூங்கப் போய்விட்டேன். மறுநாளே நைட் விஷனைத் திருப்பிக் கொடுத்தேன். இந்த நாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த ரிடர்ன் பாலிஸிதான், பேச்சுச் சுதந்திரமெல்லாம் அதற்கு அப்புறம்.

தோற்றுவிட்டான் என்று நினைக்காதீர்கள். பொம்மைக்கு உடம்புச் சூடு கிடையாது, ஆகவே தெர்மலில் பொம்மை தெரியாது. இதைக் கண்டுபிடித்தவன் நான். கடையில் இருந்ததிலேயே மலிவான தெர்மல் ஸ்கோப்பை, யாரோ ஒருத்தர் வாங்கித் திருப்பிக் கொடுத்ததை, பெட்டி கிழிந்த விலையில் வாங்கினேன். "கிட்ட வர்ற வரைக்கும் சுடாதே, இந்த விலைக்குத் தூரத்துல பன்றியும் தெரியாது, பக்கத்துப் பண்ணைக் கன்றும் தெரியாது, வெறும் வெள்ளை உருண்டைதான் தெரியும்" என்கிற அர்த்தத்தில் ட்ராவிஸ் இங்கிலீஷில் எச்சரித்தான். இட்லி மாதிரி இருக்கும் என்று புரிந்துகொண்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் கலாவதி, முதல் சாமான்தான் திருஷ்டி பட்டுத் திரும்பிப் போனது, இதற்காவது பூஜை போட்டுவிட்டு எடுங்கள் என்றாள். கார் வாங்கினபோது போட்டோம், வாஷிங் மெஷினுக்குப் போட்டோம், இதற்குப் போடக் கூடாதா? போட்டாள். இதில் ஒரு விஷயம் உங்களுக்குத் தெரியாது. தெர்மலின் லென்ஸ் நம் கண்ணுக்குக் கண்ணாடியாகவே தெரியாது. மெருகு போட்ட உலோகத் தட்டு மாதிரி, மறுபக்கம் ஒன்றும் தெரியாமல் இருக்கும். அதை மூடி என்று நினைத்து, கலாவதி நடுவில் தாராளமாகச் சந்தனம் அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்துவிட்டாள்.

அன்றைக்குக் காட்டில் எங்கே பார்த்தாலும் ஒரே வெள்ளைப் புகை. பனி இறங்கியிருக்கிறது என்று நினைத்தேன். டெக்சாஸில், ஆவணி மாதத்தில், வேர்த்து ஊற்றிக்கொண்டிருக்கும்போது பனி எப்படி இறங்கும் என்று நீங்கள் கேட்பீர்கள். நீங்கள் கேட்பீர்கள் என்பதற்காகவே நான் கேட்டுக்கொள்ளவில்லை. பக்கத்திலேயே பன்றிகள் கடலை மெல்லுகிற சத்தம் கேட்கிறது, முன்னால் பால் ஊற்றின மாதிரி ஸ்க்ரீன். மறுநாள் கயல் அதை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்பா, தேர் இஸ் எ பொட்டு ஆன் த லென்ஸ்" என்றாள். இரண்டு பேச்சு கலந்தாலும் விஷயம் தெளிவாகப் புரிந்தது. நான் பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் கலாவதி அதைச் சுத்தம் பண்ணியே வைத்திருந்தாள். எப்படி என்று கேளுங்கள். பூஜைப் பாத்திரம் தேய்க்கிற மாதிரி, புளி போட்டு, நார் வைத்து. "பாருங்க, எப்படிப் பளிச்சுனு இருக்குது" என்று வேறு காட்டினாள்.

திருப்பிக் கொடுக்கக் கடைக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்த பெண் ஸ்கோப்பின் இடுக்கில் ஒட்டியிருந்த குங்குமத்தைப் பார்த்துவிட்டு, ரத்தம் என்று நினைத்து, முகமெல்லாம் மலர்ந்து, "முதல் பன்றியா?" என்று கேட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். நான் மறுக்கவில்லை. நானும் எத்தனை நாளைக்குத்தான் பன்றி கிடைக்கவில்லை என்றே சொல்லிக்கொண்டிருப்பது. ஆனால் லென்ஸில் கீறல் இருப்பதால் வாங்கிக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டாள். ஆகவே நன்றாக யோசித்து, எல்லாப் பக்கமும் அலசிப் பார்த்து, அந்தத் தெர்மலையே வைத்துக்கொள்வது என்று நானாக முடிவெடுத்தேன்.

இப்போது அந்தப் போட்டோ. கொசு தாங்காமல் ஒருநாள் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்து பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே, மிகக் கிட்டத்தில், பெரிய தொந்தியோடு ஒரு உருவம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. ஸ்கோப்பிலேயே படம் பிடித்து, 'காட்டு ராஜா கிடைத்துவிட்டான்' என்று எழுதி குரூப்பில் போட்டேன். அதற்குக் கீழே நீங்கள், "பன்னி மூக்குக்கண்ணாடி போட்டிருக்குது மாப்பிள்ளை" என்று எழுதினீர்கள். சான் ஹோசேயிலிருந்து உடுமலை வரைக்கும் அத்தனை பேரும் சிரித்தார்கள். தெர்மல் கார் கண்ணாடியைத் தாண்டிப் பார்க்காது, உள்ளே இருக்கிறவன் சூட்டைத்தான் திருப்பிக் காட்டும் என்று எந்த மனுஷன் எனக்குச் சொன்னான்? சரி, அது நான்தான். அதனால் என்ன? அந்தக் கீறல் விழுந்த, புளி போட்டுத் தேய்த்த, திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று சொன்ன சாமானில் என் மூக்குக்கண்ணாடி வரைக்கும் தெரிந்ததே, அது எவ்வளவு நல்ல சாமான் என்பதை ஒருத்தராவது சொன்னீர்களா?

கடைசியாக ஆவணி முடிகிற நாள் வந்தது. புரட்டாசி பிறந்துவிட்டால் நம் வீட்டில் முட்டைகூட உடைக்கக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். "சுடறதுன்னா இன்னைக்குச் சுடுங்க, நாளைக்குத் துப்பாக்கியத் தொட்டா சோறு கிடையாது" என்றாள் கலாவதி. கடலை முற்றுவது புரட்டாசியில். அந்த மாதம் முழுக்க நான் கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் ஐப்பசிக்கு வெறும் குழிதான் மிஞ்சும். எனக்கு இருந்தது அந்த ஒரு நாள்தான். அன்றைக்கு அவளும் கூடவே வந்தாள். இத்தனை கூத்துக்கும் காரணமான அந்தக் காட்டை விற்பதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்று சொன்னாள். இருட்டிக் கொஞ்ச நேரத்திலேயே வந்துவிட்டது, பெரிய தாய்ப்பன்றி. நன்றாகக் கிட்டத்தில், இட்லியாக இல்லாமல், காது, மூக்கு, வால் எல்லாம் தெளிவாக. கூடவே குட்டிகள். கடலைச் செடிக்கு நடுவில் அது தோண்டிக்கொண்டிருந்ததைக் கண்ணாரப் பார்த்தேன். விரல் ட்ரிக்கரில். அந்த நேரம் பார்த்து ஸ்கோப் பேட்டரி தீர்ந்துவிட்டது. ஸ்க்ரீன் கறுப்பாகிவிட்டது. நடந்தது இவ்வளவுதான். இதில் என் தப்பு ஒன்றும் இல்லை, சாமானின் தப்பும் இல்லை, பேட்டரியின் தப்பு.

ஆகவே உங்களுக்குச் சொல்லிக்கொள்வது என்னவென்றால், நான் அசைகிற ஆள் இல்லை. ஐப்பசி பிறக்கட்டும், இரண்டு பேட்டரியோடு போய் உட்காருவேன். காடு விற்பனைக்கு இல்லை. வேலியும் கிடையாது. என் உயிர் இருக்கும்வரை அந்த மண்ணில் ஒரு வேலிக்கம்பி இறங்காது. இதை வசந்தாமணி அக்காவுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் சுகரைப் பார்த்துக்கொள்ளுங்கள், உங்கள் மேல் எனக்கு இருக்கிற மரியாதை எப்போதும் போலத்தான். திருமூர்த்தி மலையான் உங்கள் குடும்பத்தை நன்றாக வைக்கட்டும்.

இப்படிக்கு,
இன்னும் நிலச்சொந்தக்காரனாகவே இருக்கிற உங்கள் மாப்பிள்ளை,
நஞ்சப்பன்

பி.கு.: பேட்டரி தீரவில்லை, மச்சான். பாதிக்கு மேல் இருந்தது. தோண்டிக்கொண்டிருந்த அந்தப் பன்றி அப்படியே என் செடிகள்மேல் சாய்ந்து படுத்தது. குட்டிகள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு வந்து பால் குடிக்க ஆரம்பித்தன, ஒரு குட்டிக்கு இடம் கிடைக்காமல் சுற்றிச் சுற்றி வந்தது. கலாவதி ஸ்கோப்பை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். எனக்குச் சுட மனசு வரவில்லை. "பேட்டரி போயிருச்சு" என்றேன். ஸ்க்ரீன் வெளிச்சம் என் கன்னத்தில் அடித்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியும். "ஆமாங்க, போயிருச்சு" என்றாள். அந்த வேலிக்காரர் நம்பரைக் கலாவதிக்குத் தெரியாமல் எனக்கு மட்டும் மறுபடி அனுப்பவும் என்று எழுதலாம் என்று இருந்தேன். எழுதிக்கொண்டிருக்கும்போதே உங்கள் தங்கை தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறாள்: "அந்த வேலிக்காரரு நாளைக்குக் காலையில வாறாருங்க. அண்ணங்கிட்ட நம்பர் வாங்கி அன்னைக்கு ராத்திரியே பேசிப்போட்டேன். உங்க கடுதாசி முடியட்டும், அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."