ஆறவிடாதவர்

ஓடுகிற வண்டியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நின்றுபோன வண்டியைக் கண்டால் மட்டும் கால் தானாக நின்று, கை தானாக நீண்டு, வாய் தானாகத் திறந்துகொள்கிற மனித இனம் ஒன்று உண்டு. அந்த இனத்துக்கு ‘ஆறவிடாதவர்’ என்று பெயர் வைத்திருக்கிறேன். தமிழ்நாடு முழுக்கக் காணப்படுகிற இனம்தான் என்றாலும் எங்கள் திருவண்ணாமலையில் விளைச்சல் கொஞ்சம் ஜாஸ்தி. சும்மா இருப்பது எப்படி என்று கற்றுக்கொள்ளக் கடல் கடந்து வந்து, செங்கம் ரோட்டில் மாத வாடகைக்கு அறை எடுத்து, வெள்ளைக்காரர்கள் வருஷக்கணக்கில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார்கள். இதே ஊரில் பிறந்து இதே மலையைத் தினம் பார்க்கிற நம் ஆளுக்கு ஐந்து நிமிஷம் சும்மா இருக்க வராது.

இவரை எப்படி அடையாளம் கண்டுகொள்வது? மெக்கானிக் கடை வைத்திருக்க மாட்டார். வைத்திருந்தால் இந்நேரம் கடையில் இருப்பாரே! பால் வாங்கவோ, ரேஷன் கார்டில் பெயர் திருத்தவோ போய்க்கொண்டிருப்பார். அந்த வேலை அப்படியே நிற்கும். வண்டி யாருடையது, எதனால் நின்றது என்று கேட்க மாட்டார். குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் புறங்கையை என்ஜின்மேல் வைப்பார். வெடுக்கென்று இழுத்துக்கொள்வார். ஓடி வந்த என்ஜின் சுடாமல் குளிருமா? ஆனாலும் ஏதோ பெரிய வியாதியைக் கண்டுபிடித்துவிட்ட கவலை அவர் முகத்தில் படரும். பிறகு அந்த அமரத்துவம் பெற்ற கேள்வி வரும்: “யாருப்பா இதுல கை வெச்சது?” இதற்கு நீங்கள் என்ன பதில் சொன்னாலும் சரி, கண்ணை மூடிக்கொண்டு தலையை இரண்டு பக்கமும் ஆட்டுவார். இனிமேல் வண்டி உங்களுடையது இல்லை.

பொதுவாகச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். கண்ணால் பார்த்ததையே சொல்கிறேன்.

பௌர்ணமிக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை. திண்டிவனம் ரோட்டில், ஊரைத் தாண்டிய டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். மணி எட்டு. அப்போது ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இரண்டு தரம் இருமி, ஒரு தரம் முனகி, கடைக்கு எதிரே நின்றது. நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஜெர்மன் வண்டி. நாடு விட்டு நாடு போவதற்கென்றே செய்தது. முன்னால் காற்றைத் தடுக்கும் கண்ணாடி, இரண்டு பக்கமும் அரிசி மூட்டை கொள்ளும் பெட்டி. ரமணாசிரமம் பக்கம் குடியிருந்த ஒரு ஜெர்மன்காரர் ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போனதை அடி அண்ணாமலைச் செழியன் வாங்கி வைத்திருந்தான். பின்னால் இருந்து இறங்கியவள் அவன் தங்கை மணிமொழி. கையில் ஹால் டிக்கெட், ஒளி ஊடுருவும் தண்ணீர் பாட்டில், இரண்டு கறுப்புப் பேனா. கீழ்பென்னாத்தூரில் குரூப் ஃபோர் பரீட்சை. ஒன்பது மணிக்கு கேட்டைச் சாத்திவிடுவார்கள். மூன்றாவது முறை எழுதுகிறாள். போன தடவை ஒன்றரை மார்க்கில் வேலை கை நழுவிப் போயிருந்தது.

செழியன் பதறவில்லை. “கிரிவலக் கூட்டத்துல முக்கா மணி நேரம் ஃபர்ஸ்ட் கியர்லயே வந்தோமில்ல, காயில் சூடாயிடுச்சு. டேங்குக்கு அடியில கீது, காத்தே படாது. பத்து நிமிஷம் ஆறவிட்டா தானா எடுத்துக்கும். எட்டே காலுக்குக் கெளம்பினாகூட போயிடலாம்” என்றான். சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு, வண்டியை நிழலில் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அந்தப் பழைய வண்டிக்கு உலகத்திலேயே சிறந்த வைத்தியம் அதுதான்.

வந்தார் ராஜமாணிக்கம்.

ஐம்பத்தைந்து வயது. பேட்டரி ஸ்கூட்டரில் வந்தார். பால் பாக்கெட்டுப் பை ஹேண்டிலில் தொங்கியது. அவருடைய வண்டியில் காயிலும் கிடையாது, பிளக்கும் கிடையாது, பெட்ரோலும் கிடையாது. அறிவுக்கு அதெல்லாம் தடையா? புறங்கையை வைத்தார், இழுத்தார், யார் கை வைத்தது என்று கேட்டார்.

“ஒண்ணுமில்ல சார், காயில் சூடு. ஆறினா சரியாயிடும்” என்றான் செழியன்.

“ஆறவிடறதெல்லாம் ஒரு வைத்தியமா தம்பி? சூடுன்னா எதனால சூடுன்னு பாக்கணும். உடம்புக்கு இன்னாவோ அதுதான் வண்டிக்கும். கரண்ட்டு வருதா மொதல்ல பாப்போம்” என்று சொல்லிக்கொண்டே சாவியைத் திருப்பினார். மீட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. “ஆங், கரண்ட்டு கீது!” என்று நிமிர்ந்தார். நிமிர்ந்தவர் சாவியை அணைக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு சின்ன விளக்கம். இந்த மாதிரிப் பழைய வண்டிகளில் என்ஜின் ஓடாதபோது சாவி மட்டும் ஆனில் கிடந்தால், பேட்டரியிலிருந்து கரண்ட் ஓயாமல், பிளக்குக்குப் பொறி கொடுக்கிற காயிலுக்குள் பாய்ந்துகொண்டிருக்கலாம். வெறும் சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டு அடுத்த வீட்டில் கதை பேசுவதற்குச் சமம். எனக்கு இது அன்றைக்குத் தெரியாது. ராஜமாணிக்கத்துக்கு என்றைக்குமே தெரியாது. செழியனுக்குத் தெரியும், ஆனால் அவனை வண்டிக்குப் பக்கத்தில் விட்டால்தானே? அதற்குள் இந்த இனத்துக்கே உரிய இரண்டாவது நபர் வந்து சேர்ந்திருந்தார். சக்கரபாணி, நகராட்சியில் ஓய்வு பெற்றவர். ஒரே வண்டிக்கு இரண்டு ஆறவிடாதவர்கள் வாய்த்தால் என்ன ஆகும் என்று இரண்டு மாமனார் வாய்த்த மாப்பிள்ளையைக் கேளுங்கள்.

“காயில் இல்லீங்க, கண்டென்சர்” என்றார் சக்கரபாணி.

“கண்டென்சர் போயிருந்தா ‘டப்பு டப்பு’னு அடிச்சிருக்கும்.”

“அடிச்சிருக்கும். நீங்க அப்ப இல்ல.”

“நீங்க மட்டும் இருந்தீங்களா?”

மணி எட்டு இருபது. ராஜமாணிக்கம் டீக்கடையில் ஈரத்துண்டு வாங்கி டேங்குக்கு அடியில் செருகினார். “உச்சந்தலைக்கு எண்ணெ வெக்கற மாதிரி. சூட்டை அப்படியே இழுத்துரும்” என்றார். சக்கரபாணி பிளக்கைக் கழற்றி, மோந்து பார்த்து, என்னிடம் நீட்டினார். நானும் மோந்து பார்த்தேன். எதற்கு என்று எனக்குத் தெரியாது, நீட்டினார், மோந்தேன்.

மணிமொழி வாட்சைப் பார்த்தாள். கீழ்பென்னாத்தூர் பஸ் ஒன்று படிக்கட்டு வரை ஆள் தொங்க, நிற்காமல் போயிற்று. அவள் கிட்டே வந்து, “சார், அந்தச் சிவப்பு லைட்டு எரிஞ்சுக்கினே இருக்கே, அது எரியலாமா?” என்று கேட்டாள்.

ராஜமாணிக்கம் கனிவாகச் சிரித்தார். “எரியணும்மா. எரியலன்னாதான் தப்பு. நீ போய் பாடத்தைப் படி.”

“சார், சாவிய ஆஃப் பண்ணுங்க!” என்று கையை நீட்டினான் செழியன். “இருப்பா, அவசரப்படாத. அவசரப்பட்டா வண்டி கெட்டுரும்” என்று அந்தக் கையைத் தட்டிவிட்டார் சக்கரபாணி. ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கக் கூடாதா என்பார்கள். இங்கே ஆக்கியவன் பொறுத்துக்கொண்டுதான் நின்றான். வழியில் போனவர்களுக்குத்தான் பொறுக்கவில்லை.

எட்டு முப்பத்தைந்துக்கு டேங்குக்கு அடியில் ‘டப்’பென்று ஒரு சத்தம். ஈரத்துண்டிலிருந்து புகை கிளம்பியது. தார் உருகியதுபோல் கறுப்பாக ஏதோ என்ஜின்மேல் சொட்டியது. ரப்பர் கருகிய நாற்றம். கூடி நின்ற பத்துப் பேரும் ஓரடி பின்வாங்கினோம். ராஜமாணிக்கம் மட்டும் ஓரடி முன்னேறினார். அவர் முகத்தில் இருந்த ஆனந்தத்தை நான் கல்யாண வீடுகளில்கூடப் பார்த்ததில்லை.

“பாத்தீங்களா! மொதல்லயே சொன்னனா இல்லியா? காயில்தான்!”

சக்கரபாணி தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. கண்டென்சர் போனதால்தான் காயில் போனது என்று அவர் ஒரு புதுப் பாதை போட்டார். அதில் எல்லோரும் கொஞ்ச தூரம் போனோம். செழியன் மட்டும் புகைகிற வண்டியின் சாவியைத் திருப்பி, உருவி, சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். ராஜமாணிக்கத்தின் பால் பை வெயிலில் உப்பியிருந்தது. அப்புறம் அந்த வண்டிக்குக் கார் காயில் ஒன்றை வாங்கி, என்ஜின் சூடு படாமல் முன்பக்கம் காற்று அடிக்கிற இடத்தில் மாட்டிவிட்டார்கள் என்று கேள்வி. இப்போது பௌர்ணமிக் கூட்டத்திலும் நிற்காமல் ஓடுகிறதாம்.

நிற்க. இவ்வளவு தூரம் கூடவே வந்தீர்களே, உங்களை ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். துண்டு புகைந்தபோது மணிமொழி எங்கே நின்றாள் என்று பார்த்தீர்களா?

நானும் பார்க்கவில்லை. அங்கே நின்ற ஒருவரும் பார்க்கவில்லை, அவள் அண்ணன் ஒருவனைத் தவிர. எட்டரைக்கே அவள் நடுரோட்டில் இறங்கிக் கையைக் காட்டி, காலிக் கேன் ஏற்றிப்போன பால் வேனை நிறுத்தியிருக்கிறாள். டிரைவர் அவளைப் பார்த்தார். அதற்குப் பிறகு நின்றுபோன வண்டியைப் பார்த்தார். தன் வேன் என்ஜினை அணைத்துவிட்டார். “இன்னாம்மா, காயிலா?” என்று கேட்டுக்கொண்டே ஒரு காலைக் கீழே வைத்தும்விட்டார். மணிமொழி மறுபக்கமாக வேனில் ஏறி உட்கார்ந்து, கதவை இழுத்துச் சாத்தி, “அண்ணா, உங்களக் கையெடுத்துக் கும்புடறேன், எறங்காதீங்க. ஓட்டுங்க” என்றாளாம். அந்த மனிதர் இறங்கவில்லை. நம் இனத்தில் ஒருவர் வைத்த காலைத் திரும்ப எடுத்ததாக நான் கேள்விப்பட்டது அந்த ஒரு முறைதான்.

ஒன்பதுக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது பாதி சாத்திய கேட்டுக்குள் நுழைந்து, அவள் பரீட்சை எழுதிவிட்டாள். நீங்கள் கேட்கவில்லை. காயிலை எந்த இடத்தில் மாட்டினார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தீர்கள். அதனால் நானாகவே சொன்னேன்.