நடுவில் பெலிங் சித்தி

நானூற்றுப் பதினேழு போட்டோ. ஒன்றில்கூட டெல்ஃபினும் அவன் மனைவி மரிஃபேயும் தனியாக இல்லை.

"நல்லாப் பாருங்க ஐயா, ஒண்ணாவது இருக்கும்."

"கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுத்தான் பார்க்கறேன்," என்றார் ஸ்டூடியோக்காரர் செகாவா. "ஆமா, நடுவுல நிக்கறாங்களே, இவங்க யாரு?"

"என் பொண்டாட்டியோட சித்தி. பெலிங்."

"எல்லாத்துலயும் இருக்காங்களே!"

இருக்காமல்? பிலிப்பைன்ஸில் ஒருத்தன் கேமராவைத் தூக்கினால் போதும், அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வருவார்கள். "கொஞ்சம் நகருங்க" என்று யாராவது சொல்லிவிட்டால் மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. இலோய்லோவில் நடந்த கல்யாணத்தில் மோதிரம் மாற்றும் படத்தில் மட்டும் முப்பத்தெட்டுத் தலை. அத்தனை படத்திலும் மணமக்களுக்கு நடுவே பெலிங் சித்தி. கருவாட்டுக் கடைக்காரி, ஐம்பத்து நாலு வயது, கல்யாணம் ஆகாதவள். இவர்கள் காதலித்த காலத்தில் காவலுக்கு வந்து உட்கார்ந்தவள், தாலி... சேச்சே, மோதிரம் ஏறிய பிறகும் எழுந்து போகவில்லை.

டெல்ஃபின் ஹமாமாட்சுவில் கார் சீட் தைக்கும் தொழிற்சாலையில் பதினாலு வருஷமாக இருக்கிறான். ஜப்பானில் நிரந்தரமாக வசிக்கும் உரிமையும் வாங்கிவிட்டான். ஜப்பானியப் பேச்சு தண்ணிபட்ட பாடு. எழுத்து மட்டும் சுட்டுப்போட்டாலும் வராது. குப்பை வண்டி நோட்டீஸ் வந்தால்கூட ஸ்டேஷன் பக்கத்துக் கடைவீதிக்கு ஓடி, தனிக்கட்டையான செகாவாவிடம் நீட்டுவான்.

மனைவியை வரவழைக்க மனு கொடுத்த மூன்றாம் வாரம் அரசாங்க அலுவலகத்திலிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. அதையும் அவரிடம்தான் நீட்டினான். செகாவா அட்டையைப் பார்த்தார். மனுவோடு சேர்க்க அவரே அச்சடித்துக் கொடுத்த கல்யாணப் படத்தின் கடை நகலைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"போட்டோ பத்தாது தம்பி. இருக்கறதையெல்லாம் கொண்டு வா," என்றார்.

அன்றிலிருந்து டெல்ஃபினுக்குச் சோறு இறங்கவில்லை. கல்யாணமாகி ஒரு வருஷம், சேர்ந்திருந்தது பதினெட்டே நாள். மரிஃபே டீச்சர் வேலையை ராஜினாமா செய்துவிட்டாள். ஃபிரிட்ஜைக்கூட அண்ணன் வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்தாயிற்று. மனு தள்ளுபடியானால் என்ன கதி?

"வெட்டிருங்க ஐயா. சித்தியை வெட்டிட்டு எங்க ரெண்டு பேரையும் ஒட்டிருங்க."

"சேச்சே, பாவம்ப்பா! நல்லா சிரிச்சுக்கிட்டு நிக்கறாங்க."

"என் பொழைப்பு சிரிப்பா சிரிக்குது. வெட்டுங்க!"

வெட்டினார், மனசே இல்லாமல். சித்தி போய்விட்டாள், அவள் கை மட்டும் டெல்ஃபினின் தோளில் மிச்சமிருந்தது.

"இது யார் கைன்னு கேட்டா?" டெல்ஃபினுக்கு வியர்த்தது.

"அதுக்குத்தான் வெட்ட வேண்டாம்னேன். கடையிலயே இருக்கட்டும், வேற யோசிப்போம்."

யோசிக்க டெல்ஃபினுக்குப் பொறுமை ஏது? வெட்டிய படத்தை அப்போதே செல்போனில் பிடித்து வைத்திருந்தான். டீ இடைவேளையில் அதிலேயே ஏதோ ஒரு வித்தையைப் போட்டு அந்தக் கையை அழித்தான். கன்வீனியன்ஸ் கடை மெஷினில் அச்சடித்து, தபாலில் சேர்த்துவிட்டுத்தான் மூச்சு விட்டான். மரிஃபேக்கும் பெருமையாக ஒன்று அனுப்பினான்.

இரண்டாவது நிமிஷம் வீடியோ அழைப்பு.

"ஏம்ப்பா, என் கை எங்கே?"

"எந்தக் கை?"

"வலது கை! தோளோட காணோம்! அரசாங்கத்துக்கு ஒத்தைக் கைப் பொண்டாட்டியையா அனுப்பி வச்சிருக்கே?"

டெல்ஃபின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். ஐயோ, ஆமாம்! அதற்குள் மரிஃபேயின் தோளுக்குப் பின்னாலிருந்து இன்னொரு தலை எட்டிப் பார்த்தது.

"அவ கை கிடக்கட்டும். நான் எங்கேடா?" என்றாள் பெலிங் சித்தி.

"சித்தி, அது வந்து..."

"முப்பத்தெட்டுப் பேர்ல நான்தான் உன் கண்ணை உறுத்துனேனா? உன் கல்யாணத்துக்கு என் கடையை மூணு நாள் சாத்தினேனே, அதுக்கா இந்த மரியாதை?"

அன்று சாயங்காலத்துக்குள் இலோய்லோவில் ஊரே கூடிவிட்டது. தன்னையும் வெட்டிவிட்டானா என்று மாமன் கேட்டான், மச்சான் கேட்டான், கேக் செய்தவள்கூடக் கேட்டாள்.

டெல்ஃபின் ஸ்டூடியோவுக்கு ஓடினான். செகாவாவின் முகம் வெளிறிவிட்டது.

"யாரைக் கேட்டு அனுப்பினே?"

"நீங்கதானே பத்தாதுன்னீங்க?"

"என்கிட்டக் கொண்டு வான்னுதானே சொன்னேன்? அங்கே அனுப்புன்னு எப்பப்பா சொன்னேன்?" தலையைச் சொறிந்தார். "சரி, போனது போச்சு. முதல்ல அந்த அம்மா கோபத்தை ஆத்தணும். இங்கிருந்தே வீடியோவுல கூப்பிடு. வெட்டினது நான்தான்னு நானே சொல்லி மன்னிப்புக் கேக்கறேன்."

கேட்டார். செல்போன் முன்னால் இடுப்பு ஒடியக் குனிந்தார். டெல்ஃபின் மொழிபெயர்த்தான். சித்தி முறைத்தாள், அப்புறம் லேசாகச் சிரித்தாள். அதற்கப்புறம் "அவங்க சமாதானமாயிட்டாங்களா?" என்று கேட்டு, வாரத்துக்கு நாலு தடவை கூப்பிடச் சொன்னார் செகாவா. என்ன தங்கமான மனுஷன் என்று டெல்ஃபின் உருகிப்போனான். பேசி முடித்ததும் மரிஃபேக்கு மிஞ்சியது ரெண்டு நிமிஷம்தான். அதிலும் ஒரே புலம்பல்.

"எனக்கு பயமா இருக்குப்பா. முதல்ல ரெண்டு கை, அப்புறம் ஒரு கை. போலிக் கல்யாணம்னு முடிவு கட்டிட்டா?"

டெல்ஃபின் மறுநாள் அரைநாள் லீவு போட்டு அலுவலகத்துக்கே போய்விட்டான். கவுண்டரில் ஒரு பெண் அதிகாரி. இவன் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"மேடம், என் பொண்டாட்டிக்கு ரெண்டு கையும் இருக்கு!"

அவள் மனு எண்ணை வாங்கி, கோப்பைப் பிரித்துப் பார்த்தாள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

"தெரியுமே. மனுவோட குடுத்த படத்துல இருந்துச்சே. முப்பத்தெட்டுப் பேரைக் கூட்டி வச்சு யாராவது போலிக் கல்யாணம் பண்ணுவாங்களா? அனுமதிப் பத்திரம் நேத்தே தபால்ல போயிருச்சு."

டெல்ஃபினுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டான்.

"அப்போ, போட்டோ பத்தாதுன்னு அட்டை போட்டீங்களே?"

"நாங்களா?" அவன் நீட்டிய அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். "இது மனு வந்து சேர்ந்ததுக்கு ரசீது. இதுல போட்டோன்னு ஒரு வார்த்தைகூட இல்லையே!"

வெளியே வந்ததும் மரிஃபேயைக் கூப்பிட்டுச் சொன்னான். அவள் ஓவென்று அழுதாள், இவனும் நடுத்தெருவில் நின்று அழுதான். அழுது முடித்ததும்தான் கோபம் வந்தது. இந்தச் செகாவா! ஒரு மாசச் சோறு, தூக்கம், என் பொண்டாட்டியோட வலது கை!

ஸ்டூடியோ வாசலில் பிரேக் போட்ட மாதிரி நின்றான். பட்டமளிப்பு அங்கி போட்ட பிள்ளைகளின் படம் தொங்கும் கண்ணாடி ஜன்னலில் இன்று ஒரே ஒரு பெரிய படம், தங்க நிறச் சட்டத்தில். அவனுடைய கல்யாணப் படம்தான். இடது ஓரத்தில் டெல்ஃபினின் காது, வலது ஓரத்தில் மரிஃபேயின் முழங்கை. நடுவில் பெலிங் சித்தி, பளிச்சென்று.

உள்ளே கருவாடு வறுபடும் வாசனை. அது எந்த ஊர்க் கருவாடு என்று டெல்ஃபினுக்குத் தெரியும். மேஜையில் இலோய்லோ முத்திரை குத்திய பார்சல் பிரிந்து கிடந்தது.

"ஐயா! அந்த அட்டையில என்னதான் எழுதியிருந்துச்சு?"

கரண்டியும் கையுமாக வந்த செகாவா இடுப்பு ஒடியக் குனிந்தார். குனிந்தபடியே சொன்னார்:

"மன்னிச்சுக்கோ தம்பி... எங்க கல்யாணப் போட்டோவுல நடுவுல நீ நின்னுக்கோ."