படலையில் கதைக்கும் மிசின்

நீர்வேலி,
20-08-1979

அன்புள்ள மகள் இராசமலருக்கு,

இங்கு அனைவரும் நலம். அந்தக் குளிரில் நீயும் நலமாயிருக்கப் பிள்ளையாரை வேண்டிக்கொண்டு அப்பா எழுதுவது. மனிதர் பேசுவதை விளங்கிப் பதில் சொல்லும் மிசினைச் செய்ய உங்கள் பேராசிரியர் இன்னும் தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பதாக எழுதியிருந்தாய். அவரை ஆறுதலாக இருக்கச் சொல். நீர்வேலியில் அது செய்தாயிற்று.

நீ அனுப்பிய கசெற் றெக்கோடரை வாசல் படலைத் தூணில் பெட்டி அடித்து வைத்து, படலை திறந்தால் பேசும்படி பூட்டினேன். முதலில் என் குரலைப் பதிந்தேன். தபால்காரர் கடிதங்களைப் போட்டுவிட்டு ஓடியதால் அம்மாவின் குரலுக்கு மாற்றினேன். "ஆரது? உள்ளுக்கு வாங்கோ" என்ற ஒரே வசனம்தான். ஆனால் பிள்ளை, பழகப் பழக மிசின் தானாகவே படித்துவிட்டது. பின்கொட்டிலில் இருந்து என் காதாலேயே கேட்டேன், மீன்காரச் சிமியோனிடம் "இண்டைக்கு வெள்ளியெல்லே, நாளைக்குக் கொண்டு வா" என்கிறது. வெள்ளிக்கிழமையை அதற்கு யார் சொல்லிக்கொடுத்தது? சங்கக் கடைச் செல்வநாயகம் வந்து என்னைக் கேட்க, "அவர் கொட்டிலுக்கை எதையோ உடைக்கிறார்" என்று உள்ளதைச் சொல்கிறது.

இனித்தான் விசயம். உன் மாமா கனகலிங்கத்தின் தண்ணீர் இறைக்கும் மிசினை நான் திருத்திக் கொடுத்து, அது கிணற்றுக்குள் போன நாள் முதல் அவர் நம் படலை மிதிக்கவில்லை. அவராக வரும்வரை ஒரு சொல்லும் கதைக்கக் கூடாதென்று நானும் அம்மாவுக்குச் சொல்லிவிட்டேன். இப்போது அவர் மகன் சண்முகநாதனுக்குக் கல்யாணம். கூடப்பிறந்த அண்ணை வீட்டுக் கல்யாணத்தைத் தவறவிட்டால் அம்மா உடைந்துபோவாள். ஆனால் வீட்டுக்கு வந்து வாயால் சொல்லாத கல்யாணத்துக்கு எந்த முகத்தோடு போவது? நேற்று மாமா வந்தார், அழைப்பிதழைப் படலையில் செருகிவிட்டுத் திரும்பத்தான் வந்தார். மிசின் விடவில்லை. "அண்ணை, கடதாசியைச் செருகிப்போட்டுப் போனால் நான் வரமாட்டன். உள்ளுக்கு வந்து வாயாலை சொல்லுங்கோ" என்றது. அண்ணை என்றதைக் கவனித்தாயா? ஆளையே அடையாளம் கண்டிருக்கிறது. மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். நான் திருப்புளியோடு ஓடிவந்தேன்.

"கதைச்சது மிசின், மச்சான்" என்றேன்.

அவர் வேலியோரம் பூக்கன்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த அம்மாவை ஒருதரம் பார்த்தார்.

"நல்ல மிசின். எங்கடை படலைக்கும் ஒண்டு பூட்டித் தாரும்."

கேட்டாயா? மிசினால் போன உறவு மிசினாலேயே வந்தது. கல்யாணத்துக்குப் போகிறோம். அம்மா சேலை எடுத்துவிட்டாள். உங்கள் பேராசிரியருக்குச் சந்தேகம் இருந்தால் எனக்கு எழுதட்டும்.

கம்பளிச் சட்டையைக் கழற்றாதே. எங்கள் இருவரின் ஆசியும் எப்போதும் உனக்கு.

இப்படிக்கு,
வெற்றி கண்ட அப்பா,
முத்துக்குமாரு

பி.கு.: மாமா வீட்டுக்குக் கொண்டுபோகலாமென்று பெட்டியைக் கழற்றினால் உள்ளே பற்றறி இல்லை. அம்மாவின் றேடியோவுக்குள் இருக்கிறது. "இரண்டாம் நாளே உது வாயை மூடிட்டுது. நீங்கள் சந்தோசமா இருந்தியள், ஏன் குழப்புவான் எண்டு நானே வேலிக்குப் பின்னாலை நிண்டு சொன்னனான்" என்கிறாள். பற்றறியை றேடியோவுக்குள்ளேயே திரும்பப் போட்டுவிட்டேன். பேராசிரியரிடம் இப்போதைக்கு ஒன்றும் சொல்லாதே. மாமா வீட்டில் வருகிற திங்கட்கிழமை பூட்டுகிறேன். வேலிக்குப் பின்னால் நிற்க மாமி சம்மதித்துவிட்டாராம்.