தரவும் வரவும்

இந்த ஒரு வார லீவில் இருந்த இடத்தை விட்டு அசையக்கூடாது என்று முடிவெடுத்தேன். பதினோரு மாதம் கெஞ்சி வாங்கிய லீவு. தூங்குவேன், எழுவேன், மறுபடி தூங்குவேன். அவ்வளவுதான் திட்டம்.

மனைவியிடம் சொல்லி வாய் மூடவில்லை.

"லீவா? அப்ப அண்ணனை வரச் சொல்றேன்" என்றாள்.

மச்சான் வந்தால் கட்டில் அவருக்கு, தரை எனக்கு. அவர் குறட்டைக்கு ஜன்னல் கண்ணாடி நடுங்கும். போன தடவை ரெண்டே நாள் என்று வந்தவர் கிளம்பும்போது காலண்டரில் மாதம் மாறியிருந்தது.

என் உத்தியோகம் தரவுத் தரம். அதாவது, கம்பெனியின் வாடிக்கையாளர் பட்டியலில் ஒரே ஆள் மூன்று பெயரில் இருந்தால் ஒன்றாக்குவேன், தப்பான நம்பரைத் திருத்துவேன். பட்டியல் தப்பாக இருந்தால் அதை வைத்து எடுக்கிற முடிவும் தப்பாகும் என்று மீட்டிங்கில் சொல்லிச் சொல்லியே தொண்டை கட்டிப்போனவன். தரவைத் திருத்தத் தெரிந்தவனுக்கு மச்சான் வரவைத் தடுக்கத் தெரியாதா?

"உன் போனைக் குடு. நம்பரெல்லாம் ஒரே குப்பையா கிடக்கு. சுத்தம் பண்ணித் தர்றேன்."

"என்ன குப்பை?"

"'பிளம்பர் வருவான்', 'பிளம்பர் வரமாட்டான்'. ரெண்டும் ஒரே ஆளுதானே?"

"ஒரே ஆளுதாங்க. முதல் நம்பர்ல 'இதோ வர்றேன்'ம்பான். ரெண்டாவதுல ஏன் வரலைன்னு சொல்லுவான்."

"சரி, 'அக்கா', 'அக்கா மாடி', 'அக்கா எடுக்காதே'. இதெல்லாம் யாரு?"

"மூணாவது உங்க அக்கா."

அவள் அடுப்பைப் பார்க்கத் திரும்பிய நேரத்தில் 'அண்ணன்' நம்பரின் கடைசியில் இருந்த ஆறை ஒன்பதாக்கினேன். சோறு போடும் தொழிலுக்கே துரோகம். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் தூக்கம் முக்கியம்.

மறுநாள் காலை காபியோடு வந்தாள்.

"அண்ணனுக்குப் போட்டா யாரோ பல் டாக்டர் எடுக்கறாருங்க."

"நம்பர் மாத்திருப்பாரு. விடு. அவருக்கு என்ன வேலையோ, பாவம்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். அப்புறம் அவரே கூப்பிட்டாரு. பேரு வரலை, வெறும் நம்பர்தான் வந்துச்சு. குரலைக் கேட்டுதான் தெரிஞ்சுது."

தப்பு எந்தப் பக்கமாக வெளியே வரும் என்று முதலில் பார்க்கணும் என்று பத்துப் பேருக்குப் பாடம் எடுத்தவன் நான். அவரும் திரும்பக் கூப்பிடுவார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

"உனக்குக் கோவமா?" என்றேன்.

"எதுக்குங்க கோவம்? எவ்வளவு அக்கறையா சுத்தம் பண்ணீங்கன்னு அண்ணன்கிட்ட பெருமையா சொன்னேன். அவர் கடையில நாலாயிரம் பேர் லிஸ்ட் கன்னாபின்னான்னு கிடக்காம். தூக்கிட்டு வர்றாரு."

"நாலாயிரமா? ஒரு வாரத்துல எப்படிம்மா முடியும்?"

"முடியாதுன்னு எனக்குத் தெரியாதா? அதான், முடியற வரைக்கும் இங்கேயே இருங்கண்ணான்னு சொல்லிட்டேன்."