ஒருவரும் துரத்தாத ஓட்டம்

ஐம்பத்து மூன்று வயதில், தகடு வைத்த காலோடு, நான் ஓடுவதென்று முடிவெடுத்தேன். என்னுடைய முடிவுகளை எங்கள் வீட்டில் கமலாசனி எடுப்பதுதான் வழக்கம். இதை நானே எடுத்தேன்.

பேராதனையில் தொடங்கி, ஹந்தானை மலையில் ஏறி, தெல்தோட்டைத் தேயிலைக்குள் இறங்கி, புசல்லாவையில் முடிகிற, பல்கலைக்கழக ஓட்டக் கழகத்தின் போட்டி. முப்பது மைல். மரதன்காரர் களைத்து விழுகிற இடத்தையும் தாண்டி ஓட வேண்டும்.

"உங்களுக்கு விசரே?" என்றாள் கமலாசனி.

"ஓம்."

"எண்பத்து மூண்டிலை ஓடினது காணாதே?"

விஷயமே அதுதான். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கூட்டம் எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது நான் ஓடினேன். பக்கத்து வீட்டுச் சாஹுல் ஹமீது நானாவின் மதிலில் ஏறிக் குதித்தேன். கால் இரண்டு இடத்தில் முறிந்தது. கமலாசனி நகைப்பெட்டியோடு அதே மதிலில் இருந்த படலைக் கதவால் நடந்து வந்தாள். படலை திறந்துதான் கிடந்தது.

"இது கண்ணிலை படேல்லையே?" என்று கேட்டாள். எங்கள் முன்கதவை அப்போது உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்று வருடமாக அதைத்தான் யோசிக்கிறேன். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். அதுவும் மற்றவன் துரத்தியதால். அது ஓட்டமா, வெறும் பயமா? ஓடியது நானா, அவர்கள் என்னை ஓட்டினார்களா?

"ஒருத்தரும் துரத்தாமல் ஒருக்கா ஓட வேணும், கமலா."

"அப்ப கடைசி ஆளா ஓடுங்கோ. பின்னாலை ஒருத்தரும் வராயினம்."

"பகிடி விடாதையும்."

"வழியிலை ஆமி நிக்கும். தமிழ் ஆம்பிளை காடு வழிய ஓடினால் என்னெண்டு நினைப்பான்?"

"போட்டியெண்டு சொல்லுவன்."

"அவன் சுட்டுப்போட்டுத்தான் கேப்பான்."

"சுடட்டும்! பதுங்கிக்கொண்டு இருக்கிறதிலும் ஓடிக்கொண்டு சாகலாம்."

"கட்டிலாலை இறங்கேக்கை 'ஐயோ முழங்கால்' எண்டு கத்திற ஆள் கதைக்கிற கதை."

நான் அசையவில்லை. காலையில் ஹந்தானை ரோட்டில் ஓடினேன். அவள் கதைக்கவில்லை. பின்னேரமும் ஓடினேன். அவள் கறிக்கு உப்புப் போடவில்லை. உப்பில்லாமலே தின்றுவிட்டு ஓடினேன்.

போட்டிக்கு முந்தின வாரம் திடீரென்று, "சரி, போங்கோ" என்றாள்.

நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். வென்றே பழக்கமில்லாதவனுக்கு வெற்றி எப்படி இருக்கும் என்று எப்படித் தெரியும்?

போட்டி அன்று அவள் எடுத்துத் தந்த பெனியன் மஞ்சளாக இருந்தது.

"இது வெள்ளையெல்லோ?"

"என்ரை சாறியோடை ஊறப்போட்டனான். சாயம் பிடிச்சிட்டுது."

நெற்றி நிறைய விபூதி பூசினாள். சந்தனம் வைத்தாள். வியர்வை துடைக்க என்று காவித் துண்டொன்றை இடுப்பில் கட்டினாள். அவள் என்னைத் தொட்டு வழியனுப்பிக் கனகாலம். அவள் இழுத்த பக்கமெல்லாம் திரும்பினேன்.

ஹந்தானையின் முதல் ஏற்றத்திலேயே பெடியங்கள் எல்லாரும் மறைந்துவிட்டார்கள். முன்னால் ஒருவரும் இல்லை. பின்னாலும் இல்லை. பனிக்குள் நான் மட்டும். கால் குத்தியது. குத்தினால் குத்தட்டும், இது என்னுடைய கால், என்னுடைய குத்து. இரண்டு தரம் வேண்டுமென்றே திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் துரத்தவில்லை. அழுகை வந்தது. அழுதுகொண்டே ஓடினேன்.

மலைக்கு அந்தப் பக்கம் இராணுவத் தடை. துவக்கோடு ஒருவன் நடுப்பாதையில் வந்து நின்றான். என் நெற்றியைப் பார்த்தான். துண்டைப் பார்த்தான்.

"கதரகம?" கதிர்காமத்துக்கா என்று சிங்களத்தில் கேட்டான்.

போட்டி, கழகம், புசல்லாவை என்று நான் மனப்பாடம் செய்த சிங்களம் முழுவதும் மறந்துபோயிற்று. "ஓம்" என்றேன்.

அவன் துவக்கைத் தோளில் போட்டுவிட்டுக் கும்பிட்டான். தடை மரம் உயர்ந்தது.

தெல்தோட்டையில் தோட்டத் தொழிலாளரின் லயத்து வாசலெல்லாம் மாவிலைத் தோரணம். பெண்கள் குடத்தோடு நின்றார்கள். ஒருத்தி என் காலில் மஞ்சள் தண்ணீரை ஊற்றினாள். இன்னொருத்தி விழுந்து கும்பிட்டாள். தோட்டத்துத் தலைவர் இராமையா மாலையோடு ஓடிவந்தார்.

"வாங்க சாமி! கால் நல்லானதுக்கு நேர்த்தி ஓட்டமாமே. டீச்சரம்மா சொன்னாங்க."

கமலாசனி அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில்தான் படிப்பிக்கிறாள்.

"உங்கடை ரீச்சரோ சொன்னவ?"

"ஆமாங்க சாமி. வழியில தண்ணி, கிண்ணி வேணுமான்னு பாத்துக்கச் சொன்னாங்க. வேணுங்களா?"

"ஓம்."

"கேட்டீங்களா! தண்ணி வேணுமான்னா ஓம்ங்கிறாரு! வேற வார்த்தையே வரல!"

"ஓம்!" என்றது கூட்டம்.

யாழ்ப்பாணத்தான் 'ஆம்' என்பதற்கு 'ஓம்' என்பான். ஐம்பத்து மூன்று வருடமாகச் சொல்கிறேன். அதுவரை ஒருவரும் அதற்காக என் காலில் விழவில்லை.

"ஐயா, நான் சாமியில்லை. நான் போட்டியிலை ஓடுறன்."

"சாமி அப்படித்தான் சொல்லுவாருன்னும் டீச்சரம்மா சொன்னாங்க."

வேறு வழியில்லாமல் ஓடத் தொடங்கினேன். அரோகரா என்று லயமே பின்னால் கிளம்பியது. நான் கெதியாக ஓடினால் அவர்களும் கெதியாக ஓடினார்கள். ஒரு கிழவி வெற்றிலை மென்றபடி என்னோடு சமமாக வந்தாள். நான் திரும்பி நின்று, "துரத்தாதையுங்கோ!" என்று கத்தினேன்.

"அருள் வந்துருச்சு!" என்றாள் கிழவி.

பிறகு நான் நிற்கவேயில்லை. பல்கலைக்கழகப் பெடியங்கள் இருவர் வழியில் குந்தியிருந்தார்கள். அவர்களையும் தாண்டினேன். புசல்லாவைக் கயிற்றை நெஞ்சால் தொட்டபோது எனக்குப் பின்னால் அரைத் தோட்டம் நின்றது.

கமலாசனி பஸ்ஸில் வந்து, குடையும் தேத்தண்ணிப் போத்தலுமாக நின்றாள்.

"எல்லாம் உம்மடை வேலை!"

"நேர்த்திக்காரனை ஆமி சுடாது. பெனியனிலை ஓட்டையில்லாமல் வந்தியளோ இல்லையோ?"

எனக்குத் தோற்க மனமில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "எண்டாலும் கேளும். நீர் மறிச்சும் ஓடினனான். நானா நினைச்சு ஓடினனான். ஒருக்கா ஓடிக் காட்ட வேணும், காட்டியாச்சு. இனி ஆர் சொன்னாலும் ஓடமாட்டன்!"

அவள் தேத்தண்ணியை ஊற்றி என் கையில் தந்தாள்.

"அதைத்தான் சொல்ல வந்தனான், அப்பா. நேர்த்தி மூண்டு வருஷத்துக்கெண்டு சனத்திட்டைச் சொல்லிப்போட்டன்."